நலிவுற்ற மென்பொருளும் ஆக்கியோன் வருவாயும்

(சங்கக் கூட்டமொன்றில் சர்வகலாசாலை மாணவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

   

எமது சங்கச் செயலாளர் அவர்கள் என்னை இன்று பேசும்படி கேட்டபொழுது, "நீர் கற்கும் கல்வியோடு தொடர்புடையதாகவும், கேட்போர் எல்லோருக்கும் பயன்படுவதாகவும் ஒரு விடயத்தை எடுத்துக்கொள்ளும்" என்று பணித்தார்கள். நான் பலநாள் ஆலோசித்தேன். ஈற்றிலே, எம்மைப் போன்ற வாலிபர் பலருடைய சீவனோபாயத்தைப் பற்றிய ஒரு கேள்வியையே எடுத்துக்கொண்டேன். தனியொருவர் ஆக்கிய மென்பொருள் ஒன்று நலிந்துகிடக்கும்பொழுது, அதனால் அவர் வருவாய் பெறும் வழி யாது? இதுவே அக்கேள்வி.

மென்பொருள் என்றால் என்னவென்று நான் ஈண்டு விளக்கப் புகவில்லை. கைத்தொலைபேசி இல்லாதவர் இச்சபையில் இரார். ஆகவே மென்பொருளை அறியாதவரும் இரார். ஒரு கொம்பனியின் சம்பளத்தில் இருந்துகொண்டு மென்பொருள் எழுதுவோரைப் பற்றியும் நான் பேசவில்லை. தமது அறையிலே, தமது செலவிலே, தமது நித்திரையைக் கெடுத்துக்கொண்டு, தனியாகவோ இன்னொருவர் துணையோடோ ஒரு மென்பொருளை ஆக்கி உலகத்துக்கு விடுபவரைப் பற்றியே பேசுகின்றேன். இத்தகையோர் எமது நண்பரிடையேயும் உளர். அவர்களுடைய வீட்டிலே பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தம்பி, இரவிரவாய் விழித்திருந்து செய்கிறாயே, இதனாலே என்ன வரும்படி?" இதனை அறியாமையால் எழுந்த கேள்வி என்று தள்ளிவிடுதல் தகாது. அது நியாயமான கேள்வி. அதற்கு நியாயமான மறுமொழி உண்டா என்று ஆராய்வதே என் நோக்கம்.

முதலிலே இப்பொருளின் தன்மையை அறிந்துகொள்ளல் வேண்டும். தச்சன் ஒரு மேசையைச் செய்கின்றான். இரண்டாமவருக்கும் மேசை வேண்டுமானால் மறுபடியும் மரம் வேண்டும். மறுபடியும் உழைப்பு வேண்டும். மென்பொருளோ அப்படியன்று. முதற்பிரதிக்கு மூன்று வருட உழைப்புச் செல்லலாம். இரண்டாம் பிரதிக்கும் பத்தாயிரமாம் பிரதிக்கும் செலவு ஏறக்குறைய ஒன்றுமேயில்லை. செலவில்லாமற் பெருகும் பொருளின் விலை பூச்சியத்தை நோக்கி இறங்குவது இயல்பு. ஆயினும் மென்பொருளைச் சுற்றியுள்ள சில பொருள்கள் அவ்வாறு பெருகுவதில்லை. ஆக்கியோனுடைய நேரம் பெருகாது. பழுது நேர்ந்தால் திருத்துவார் ஒருவர் உளர் என்னும் நம்பிக்கை பெருகாது. நாள்தோறும் செய்யவேண்டிய பராமரிப்புப் பெருகாது. பிழைத்த ஆக்குநர் பெரும்பாலோர் இவ்வருமையான பொருள்களுள் ஒன்றை விற்றே பிழைத்தனர். இதனை மனத்திற் கொண்டால் பின்வருவன எல்லாம் இலகுவில் விளங்கும்.

இனி, நலிவு என்றால் எத்தகைய நலிவு? வைத்தியர் மருந்து கொடுக்குமுன் நோயைக் கேட்பார். மென்பொருளின் நலிவு மூவகைப்படும். ஒருவரும் அதனை உபயோகியாதிருத்தல் ஒன்று. பலர் உபயோகித்தும் ஒருவரும் பணங் கொடாதிருத்தல் இரண்டாவது. சிலர் பணங் கொடுத்தும் அது ஆக்கியோனின் செலவுக்கும் நேரத்துக்கும் போதாதிருத்தல் மூன்றாவது. முதலாம் நோய்க்கு விலையை மாற்றுவதால் பயனில்லை. இரண்டாம் நோய்க்கு விளம்பரத்தாற் பயனில்லை. இலவசமாய் உபயோகிப்போர் தொகைதான் கூடும். மூன்றாம் நோய்க்குப் புதிய வசதிகளைச் சேர்த்துக்கொண்டே போவதால் நோய் முற்றும். நோய் மாறி மருந்துண்டவர் பலர் என்பதனாலேயே இதனை வற்புறுத்துகின்றேன்.

நிற்க. வழிகளை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது வழி, வாய்திறந்து கேட்டல். 1982ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் அன்ட்ரூ புளூகெல்மன் என்பவர், தொலைபேசிக் கம்பிவழியாகக் கணினிகள் ஒன்றோடொன்று பேசுதற்குரிய 'பீ.சீ. ரோக்' என்னும் மென்பொருளை ஆக்கினார். அதனைக் கடைகளில் விற்கும் வசதி அவருக்கு இல்லை. ஆகவே, "யாவரும் பிரதிசெய்து கொள்ளலாம், பயன்பட்டால் 25 டொலர் அனுப்புக" என்னுங் கருத்துப்பட ஒரு வேண்டுகோளை அம்மென்பொருளிலேயே எழுதிவிட்டார். அதே காலத்தில் ஐ.பி.எம். கொம்பனியில் உத்தியோகம் பார்த்த ஜிம் நொப்வ் என்பவரும் 'பீ.சீ. வைல்' என்னும் தமது மென்பொருளுக்கு இவ்வாறே செய்தார். ஒருவரையொருவர் அறியாமல் ஒரே எண்ணத்துக்கு வந்த இவ்விருவரும் பின்னர் ஒருவருக்கொருவர் உதவியாயினர். கேட்டதற்குப் பணம் வந்தது. நொப்வ் அவர்கள் உடனே உத்தியோகத்தை விட்டுவிடவில்லை என்பதையும் கவனிக்க. மாலைநேர வேலையாகவே அதனை நடத்தி, வருமானம் சம்பளத்தை மிஞ்சிய பின்பு, 1984இலேதான் ஐ.பி.எம்.மை விட்டு விலகினார்.

1983இல் மைக்குரோசொவ்ற் கொம்பனியின் ஆதி ஊழியருள் ஒருவராகிய பொப் வாலஸ் என்பவர் விலகிவந்து, 'பீ.சீ. றைற்' என்னும் எழுத்து மென்பொருளை ஆக்கினார். அவர் இன்னுமொரு படி மேலே சென்றார். பதிவுக் கட்டணம் 75 டொலர். பதிவுசெய்தவர் ஒருவருடைய பிரதியைப் பெற்று வேறொருவர் பதிவுசெய்தால், முன்னவருக்கு 25 டொலர் தரகுப்பணம். இதனாற் பிரதிசெய்வோர் யாவரும் அவருடைய விற்பனை முகவராயினர். பிரதிசெய்தலைத் தடுக்க முயன்று பிறர் களைத்த காலத்தில், அவர் அதனையே தமக்கு ஊழியஞ் செய்யும்படி திருப்பிவிட்டார்.

இரண்டாவது வழி, ஒரு பகுதியைக் கொடுத்து மறுபகுதியை வைத்துக்கொள்ளல். ஸ்கொட் மில்லர் என்பவர் தமது கணினி விளையாட்டுகளை, விரும்பினாற் பணம் அனுப்புக என்ற வேண்டுகோளோடு வெளியிட்டார். வந்த தொகை சொற்பமே. பின்னர் 1987இல் வேறொரு முறையைக் கைக்கொண்டார். ஒரு விளையாட்டைப் பல பாகங்களாகப் பிரித்தார். முதலாம் பாகத்தை முழுமையாக, குறைவின்றி, இலவசமாகக் கொடுத்தார். ஏனைய பாகங்கள் வேண்டுவோர் பணம் அனுப்பவேண்டும். 1990 டிசெம்பரில் அவருடைய அப்பொஜி நிறுவனத்தின் மூலம் 'கொமாண்டர் கீன்' என்ற விளையாட்டு இம்முறையில் வெளிவந்தது. அதனை ஆக்கிய இளைஞர் சிலர் அப்பொழுது வேறொரு கொம்பனியிற் சம்பளத்துக்கு இருந்தவர்கள். அடுத்த மாதமே அவர்களுக்கு 10,500 டொலர் காசோலை வந்தது. அவர்கள் உத்தியோகத்தை விட்டு 'ஐடி சொவ்ற்வெயர்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். 1993இல் அவர்கள் வெளியிட்ட 'டூம்' உலகப் பிரசித்தி பெற்றது. விரும்பினாற் கொடுங்கள் என்பதற்கும், தொடர்ந்து வேண்டுமாயிற் கொடுங்கள் என்பதற்கும் உள்ள வேற்றுமை இவ்வளவு பெரிது.

மூன்றாவது வழி, வாங்குவாரை அறிந்து விலை கூறல். பற்றிக் மக்கென்சி என்னும் அமெரிக்க வாலிபர் யப்பானிலே உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தவர். 2006 யூலையில், 60 டொலர் மூலதனத்தோடு ஒரு சிறு மென்பொருளை விற்கத் தொடங்கினார். பாடசாலை ஆசிரியைகள் வகுப்பிலே பிள்ளைகளுக்குச் சொற்களைப் பழக்கும் பிங்கோ விளையாட்டு அட்டைகளை அச்சிட உதவுவது அது. அவ்வளவே. கேட்போர் நகைக்கக்கூடிய அற்பப் பொருள். ஆனால் அதனை வேண்டுவோர் யார் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரியும். அவ்வாசிரியை இணையத்திலே எந்தச் சொற்களைத் தேடுவார், எந்தப் பண்டிகைக்கு முந்திய வாரத்தில் தேடுவார் என்பனவற்றை ஆராய்ந்து, அதற்கேற்ற பக்கங்களை ஆக்கினார். கணினியில் இறக்கி நிறுவும் தொல்லையின்றி இணையத்திலேயே உபயோகிக்கும் வசதியையும் பின்னர்ச் செய்தார். விலையைக் குறைக்கவில்லை, ஒரு படி உயர்த்தினார். 2010இல் உத்தியோகத்தை விட்டார். 2015இல் அம்மென்பொருளையே இன்னொருவருக்கு விற்றார்.

இவ்விடத்தில் ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். இஃது உதாரணத்துக்காக நானே இட்ட கணக்கு. பத்தாயிரம் பேர் ஒரு மென்பொருளை உபயோகிக்கின்றனர். நூற்றுக்கு ஒருவர் பணங் கொடுப்பார் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் 100 பேர். ஒருவருக்கு 2 டொலர் என்றால் வருவது 200 டொலர். 30 டொலர் என்றால் 3,000 டொலர். விலை கூடியதனால் அந்நூற்றுவரிற் பாதிப்பேர் விலகினும் 1,500 டொலர் மிஞ்சும். மறுமொழி எழுதவேண்டிய கடிதங்களோ பாதியாகும். தனியொருவருக்கு நேரமே மூலதனமாதலால் இதனைச் சிந்தித்தல் நன்று. மேலும், கைத்தொலைபேசிக்குரிய பெருஞ்சந்தைகளில் விற்பவர் தரகையுங் கணக்கிடவேண்டும். அப்பிள், கூகிள் ஆகிய இரு கொம்பனிகளும் நூற்றுக்கு 30 வீதம் தரகு வாங்கி வந்தன. 2021 முதல், ஆண்டுக்குப் பத்து இலட்சம் டொலருக்கு உட்பட்ட வருமானமுடைய சிறு ஆக்குநருக்கு அதனை 15 வீதமாகக் குறைத்தன. இரண்டு டொலருக்கு விற்பவன் கையில் மிஞ்சுவது என்னவென்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது வழி, நன்கொடை. இதனைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் வாலிபர் பலர் முதலில் நாடுவது இதனையே. இணையத்திற் செல்லும் இரகசியங்களைக் காக்கும் 'ஓப்பின் எஸ்.எஸ்.எல்.' என்னும் மென்பொருள் உலகின் வங்கிகளும் வணிகரும் உபயோகித்த ஒன்று. 2014 ஏப்ரிலில் அதிலே 'ஹாட்பிளீட்' என்னும் பெரும்பழுது வெளிப்பட்டது. சுமார் ஐந்து இலட்சம் இணையத்தளங்கள் அபாயத்துக்குள்ளாயின. அப்பொழுதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது: அம்மென்பொருளுக்கு ஆண்டொன்றுக்கு வந்த நன்கொடை ஏறக்குறைய 2,000 டொலர், முழுநேரமாக அதிலே உழைத்தவர் ஒருவர். கோடி கோடியாகப் பொருளீட்டிய நிறுவனங்கள் யாவும் அதன் நிழலிலே இருந்தன. ஆனால் வேருக்கு நீர் வார்க்கவேண்டும் என்ற நினைவு ஒருவருக்கும் எழவில்லை. பழுது வெளிப்பட்ட பின்னர் பெருங்கொம்பனிகள் சில கூடி இத்தகைய மென்பொருள்களுக்கென ஒரு நிதியை ஏற்படுத்தின.

இன்னோர் உதாரணம். ராண் அடம்ஸ், சாக் அடம்ஸ் என்னும் அமெரிக்கச் சகோதரர் இருவர் 'டுவோர்வ் போட்றஸ்' என்ற விளையாட்டை 2006இல் இலவசமாக வெளியிட்டு, நன்கொடையினாலேயே பல்லாண்டு எளிமையாக வாழ்ந்தனர். அது எழுத்துகளையும் குறிகளையுங் கொண்டே வரையப்பட்ட விளையாட்டு. பழகுதற்கு மிகக் கடினம். குடும்பத்தில் நோய் வந்து மருத்துவச் செலவைப் பற்றிய அச்சம் எழுந்தபொழுது, 2019இல், விலைக்குரிய பதிப்பொன்றை வெளியிடத் தீர்மானித்தனர். 'கிற்பொக்ஸ்' என்னும் சிறு வெளியீட்டு நிறுவனத்தின் துணையோடு சித்திரங்களையும் இலகுவான கையாளுமுறையையுஞ் சேர்த்து, 2022 டிசெம்பர் 6இல், ஏறக்குறைய 30 டொலர் விலைக்கு வெளியிட்டனர். சில வாரங்களிற் பல இலட்சம் பிரதிகள் விற்பனையாயின. பழைய இலவசப் பதிப்பையும் அவர்கள் நிறுத்தவில்லை. உள்ளீடு ஒன்றே, நுழைவாயிலை அகலமாக்கியதே வேற்றுமை. நன்கொடை ஒரு குடும்பத்தைத் தாங்கலாம். நோயையும் முதுமையையுந் தாங்காது என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

ஐந்தாவது வழி, மென்பொருளை இலவசமாக விட்டு, சேவையை விற்றல். றிச்சாட் ஹிப் என்பவர் 2000ஆம் ஆண்டில் 'எஸ்.கியூ. லைற்' என்னும் தரவுக்களஞ்சிய மென்பொருளை வெளியிட்டார். அதன் உரிமையைக்கூடத் தம்மிடம் வைத்துக்கொள்ளாது பொதுமக்களுக்கே விட்டுவிட்டார். இன்று உங்கள் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசியிலே அது இருக்கின்றது. அவருக்கு வருவாய் எங்ஙனம்? அம்மென்பொருளை நம்பித் தொழில் நடத்துங் கொம்பனிகளுக்கு, பழுது நேர்ந்தால் உடனே கவனிப்பேன் என்ற உடன்படிக்கையை விற்கின்றார். இரகசியக் குறியீட்டுப் பகுதி ஒன்றைத் தனியே விலைக்குக் கொடுக்கின்றார். சில பெருங்கொம்பனிகள் ஆண்டுச் சந்தா செலுத்தும் ஒரு கூட்டமைப்பும் உண்டு. சிறிய குழுவொன்று இவ்வாறு இருபது ஆண்டுக்கு மேலாகக் கடனின்றி நடக்கின்றது.

சுவீடன் தேசத்து டானியல் ஸ்டென்பேர்க் அவர்களின் 'கேர்ல்' என்னும் மென்பொருளும் இத்தகையதே. 1998 முதல் ஓய்வுநேரத்தில் அதனை வளர்த்த அவர், 2019இல் 'வுல்வ் எஸ்.எஸ்.எல்.' என்னும் கொம்பனியிற் சேர்ந்து, அம்மென்பொருளுக்குரிய உதவியைக் கொம்பனிகளுக்கு விற்பதன் மூலம் முழுநேரமும் அதிலேயே உழைக்கும் நிலையைப் பெற்றார். இருபது வருடம் காத்திருந்தார் என்பதை வாலிபர் மறத்தலாகாது.

இவ்வழியின் கிளையொன்று உண்டு. அஃதாவது, அடிப்படையை இலவசமாக விட்டு, கொம்பனிகளுக்கு மாத்திரம் வேண்டிய மேலதிக வசதிகளை ஆண்டுச் சந்தாவுக்கு விற்றல். மைக் பேர்ஹம் என்பவர் 2012இல் வெளியிட்ட 'சைட்கிக்' அத்தகையது. இணையத்தளங்களின் பின்னணி வேலைகளை ஒழுங்காகச் செய்து முடிக்கும் ஒரு கருவி. தனி மாணவனுக்கு இலவசப் பதிப்புப் போதும். பெரிய கொம்பனிக்கோ, ஒரு வேலை தவறினும் நட்டம். ஆகவே அது மகிழ்ச்சியோடு பணங் கொடுக்கும். பல ஆண்டுகளாக ஊழியர் ஒருவருமின்றி அவர் தனியொருவராகவே அந்நிறுவனத்தை நடத்தி நல்ல இலாபம் பெற்றார். பணமில்லாதவரிடம் கேளாது, பணமுள்ளவருக்கு எது அவசியமோ அதற்கு விலை வைத்தார்.

ஆறாவது வழி, உபயோகிப்போரே கூடி மீட்டல். இஃது என் மனத்தை மிகவுங் கவர்ந்த வரலாறு. ஒல்லாந்து தேசத்து ரொன் றோசண்டால் என்பவர் முப்பரிமாணச் சித்திரங்களை ஆக்கும் 'பிளெண்டர்' என்னும் மென்பொருளை எழுதினார். 1998இல் அதனை விற்பதற்கென ஒரு கொம்பனியைத் தொடங்கினார். 2000ஆம் ஆண்டில் முதலீட்டாளர் 45 இலட்சம் யூரோ கொடுத்தனர். ஊழியர் தொகை ஐம்பதாக உயர்ந்தது. ஆனால் விற்பனை எதிர்பார்த்தபடி இல்லை. 2002 தொடக்கத்தில் முதலீட்டாளர் கொம்பனியை மூடிவிட்டனர். மென்பொருளின் உரிமை அவர்கள் கையிலே. ஆக்கியோன் கையிலே ஒன்றுமில்லை.

இத்தகைய நிலையில் மனமொடிந்து போகாதவர் சிலரே. அவர் முதலீட்டாளரிடஞ் சென்று, எவ்வளவு கொடுத்தால் மென்பொருளை உலகத்துக்கு விடுதலை செய்வீர்கள் என்று வினவினார். ஓர் இலட்சம் யூரோ என்று முடிவாயிற்று. 2002 யூலை 18இல் உபயோகிப்போரை நோக்கி வேண்டுகோள் விடுத்தார். ஏழு வாரத்தில் 1,10,000 யூரோ சேர்ந்தது! அவ்வாண்டு ஒக்ரோபர் 13இல் பிளெண்டர் யாவரும் உபயோகிக்கவும் திருத்தவுங்கூடிய சுதந்திர மென்பொருளாக வெளிவந்தது. பின்னர் அவர் சும்மா இருக்கவில்லை. அம்மென்பொருளைக் கொண்டே குறும்படம் ஒன்றை ஆக்கி, அதன் ஒளித்தட்டை முன்கூட்டியே விற்றுச் செலவின் ஒரு பகுதியைச் சேர்த்தார். 2006இல் அது வெளியாயிற்று. மாதச் சந்தா செலுத்தும் வளர்ச்சி நிதியொன்றை ஏற்படுத்தினார். 2019இல் 'எப்பிக் கேம்ஸ்' கொம்பனி 12 இலட்சம் டொலர் உதவியது. லத்வியா என்னும் சிறு தேசத்தில் பிளெண்டரைக் கொண்டு ஆக்கப்பெற்ற 'புளோ' என்னும் திரைப்படம் 2025இல் சிறந்த அசைவுச் சித்திரப் படத்துக்குரிய ஒஸ்கார் பரிசைப் பெற்றது. விலைக்கு விற்றபொழுது அழிந்தது, விலையின்றி விட்டபின் வாழ்ந்தது. எனினும் ஒன்றை மறத்தலாகாது: வேண்டுகோள் விடுத்தபொழுது பணம் அனுப்ப ஆயிரக்கணக்கானோர் ஆயத்தமாக இருந்தனர். அன்பு கொண்டோர் முன்னரே இல்லாதவிடத்து இவ்வழி பயன்படாது.

ஏழாவது வழி, முழுவதையும் விட்டு ஒரு துண்டைக் காத்தல். ஸ்டூவேட் பட்டர்பீல்ட் என்பவரும் அவர் தோழரும் 'கிளிச்' என்னும் இணைய விளையாட்டை ஆக்கினர். போதிய பேர் வரவில்லை. 2012 டிசெம்பரில் அதனை மூடினர். ஆனால் அதனை ஆக்கும்பொழுது தமக்குள்ளே செய்தி பரிமாறுவதற்கென ஒரு சிறு கருவியைச் செய்து வைத்திருந்தனர். அதனையே செப்பஞ்செய்து 2014இல் 'ஸ்லாக்' என்று வெளியிட்டனர். 2021இல் அது ஏறக்குறைய 2,770 கோடி டொலர் மதிப்புக்கு விற்கப்பட்டது. இஃது ஆயிரத்தில் ஒருவருக்கு வாய்க்கும் அதிர்ஷ்டம் என்பதை ஒப்புக்கொள்கின்றேன். ஆயினும் நலிந்த மென்பொருளை உடையோன் ஒவ்வொருவனும், இதிலே நான் நாள்தோறும் விரும்பி உபயோகிக்கும் பகுதி எது என்று தன்னைத்தானே ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.

எட்டாவது வழி, தகுந்தவரிடம் ஒப்படைத்தல் அல்லது விற்றல். இங்கே எச்சரிக்கை வேண்டும். 'த கிரேற் சஸ்பெண்டர்' என்னும் சிறு உதவிக்கருவியைப் பல இலட்சம் பேர் தமது இணைய உலாவியிற் சேர்த்து வைத்திருந்தனர். 2020இல் அது அடையாளந் தெரியாத ஒருவருக்குக் கைமாறியது. 2021 பெப்ரவரியில், தீய நிரல் உண்டென்று கூறிக் கூகிள் கொம்பனி அதனை நீக்கியது. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட 'எக்ஸ்.இஸட்.' விவகாரம் இதனினும் அச்சந் தருவது. களைத்துப்போன தனியொருவரின் பொறுப்பிலிருந்த அம்மென்பொருளுக்கு உதவுவதாக வந்த ஒருவர், இரண்டாண்டுக்கு மேலாக நல்லவர்போல் உழைத்து நம்பிக்கையைப் பெற்று, ஈற்றிலே கள்ளக்கதவொன்றை உள்ளே வைத்துவிட்டார். கணினியில் நுழைவதற்கு அரை விநாடி கூடுதலாகச் செல்வதைக் கண்டு ஐயுற்ற அன்ட்றெஸ் பிறொயின்ட் என்னும் பொறியியலாளரே அதனைக் கண்டுபிடித்தார். உபயோகிப்போர் எம்மிடம் வைத்த நம்பிக்கை எமது சொத்தன்று. அவர்கள் வைத்த அடைமானம். அதனை விற்க எமக்கு உரிமையில்லை. அவர்களுடைய சொந்த விபரங்களை விளம்பரக்காரருக்கு விற்று வருவாய் தேடுவோருக்கும் இதுவே என் மறுமொழி.

சகோதரர்களே! இவ்வெட்டு வழிகளும் அடைபட்டால் என் செய்வது? அப்பொழுது மரியாதையோடு மூடிவிடுதலும் ஒரு வழியே. உபயோகிப்போருக்கு முன்கூட்டியே அறிவித்து, அவர்களுடைய கோவைகளை எடுத்துச்செல்ல அவகாசங் கொடுத்து, சந்தா செலுத்தியவருக்கு மிகுதிப்பணத்தைத் திருப்பிக்கொடுத்து மூடுபவனை உலகம் இகழாது. அவன் அடுத்த பொருளோடு வரும்பொழுது அவர்களே முதல் வாடிக்கையாளராவர். அவன் கற்ற கல்வியும் அவனை விட்டுப் போவதில்லை. உத்தியோகம் தேடிச் செல்லுமிடத்தில் அவன் ஆக்கிய பொருளே அவனுக்குச் சாட்சியாக நிற்கும்.

வாலிப நண்பர்களுக்கு மூன்று யோசனைகளைப் பணிவோடு கூறுகின்றேன். முதலாவது, தவணை குறியுங்கள். இத்தனை மாதம், இவ்வளவு செலவு, அதன்பின் மறுபரிசீலனை என்று தாளிலே எழுதி, வீட்டாருக்கும் காட்டுங்கள். இரண்டாவது, படிப்பையோ உத்தியோகத்தையோ அவசரப்பட்டு விடாதீர்கள். நான் கூறிய நொப்வ், மக்கென்சி ஆகியோர் மாலைநேரத்திலேயே தொடங்கினர். மூன்றாவது, ஆயிரம் பேரை எண்ணுமுன் பத்துப்பேரோடு பேசுங்கள். அவர்களுள் ஒருவரேனும் பணங் கொடுத்து வாங்கினால், இலவசமாய்ப் புகழ்ந்த நூறு பேரிலும் அவர் உங்களுக்குக் கூடுதலான உண்மையைச் சொன்னவராவர்.

பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. பணங் கொடாது பிரதிபண்ணிய மென்பொருளை உபயோகித்தல் எம்மிடையே ஒரு குறையாகவே கருதப்படுவதில்லை. கடைக்கணக்கு எழுதுவதற்கும், பாடசாலைப் பதிவேடு வைப்பதற்கும் எமது பிள்ளைகளுள் ஒருவன் மென்பொருள் செய்து தந்தால், "எங்கடை பொடியன்தானே, சும்மா செய்து தரட்டும்" என்கின்றோம். அதே கடையிற் கூரை வேய்ந்தவனுக்குக் கூலி கொடாமல் விடுவோமா? கண்ணுக்குத் தெரியாத உழைப்பும் உழைப்பே. முதல் வாடிக்கையாளர் கொடுக்குஞ் சிறுதொகை, அப்பிள்ளைக்கு வருவாய் மாத்திரமன்று. தன் தொழில் ஒரு தொழில் என்ற துணிவுமாகும். அத்துணிவைக் கொடாமல் விட்டு, பின்னர் அவன் கப்பலேறி விமானமேறிப் பிறதேசம் போய்விட்டான் என்று வருந்துவதிற் பயன் யாது?

"இதனாலே என்ன வரும்படி?" என்ற பெற்றோரின் கேள்விக்கு என் மறுமொழி இது: நிச்சயமான வரும்படி இல்லை, ஆனால் வழிகள் உண்டு. அவ்வழிகளிற் சென்றோர் கேட்கக் கூசாதவர், காத்திருக்க அஞ்சாதவர், பிறர் நம்பிக்கையை விலைபேசாதவர். இம்மூன்றும் இருந்தால், நலிந்த மென்பொருளும் ஒருநாள் தன்னை ஆக்கியோனுக்குச் சோறு போடும்; போடாவிடினும் அவனைக் கடனாளியாகவோ பழிகாரனாகவோ விடாது.